திம்பம் ஏறினால் டவர் இருக்குமா?

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கிறது பாரிவாக்கம். மேற்கே சற்றுத் தள்ளி, வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் 62 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோடு. தெற்கே பெங்களூரு நெடுஞ்சாலை. எந்தத் திசைக்குக் கிளம்பும் வண்டிக்கும் வாகான ஊர். ராத்திரி பத்து மணிக்கு இங்கே சாலையோரம் ஆளேற்ற நிற்கும் டெம்போ டிராவலர் ஒன்றின் டாஷ்போர்டை எட்டிப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு போன் கண்ணில் படும். ஒன்று கண்ணாடியில் ஒட்டிய ஸ்டாண்டில் மேப் காட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று ரப்பர் தேய்ந்த பட்டன் போன். சாவிக்கொத்தில் சாவியோடு சிம் டிரே திறக்கும் குட்டி ஊசியும் தொங்கும். “ஒரே கம்பெனி சிம்ம நம்பி மலை ஏறாதீங்கண்ணே” என்பது இந்த வட்டாரத்து டிரைவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்.

கேரவன் என்றால் இந்தப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் இவிபி பிலிம் சிட்டிக்குப் போகும் நட்சத்திரங்களின் வண்டிதான் நினைவுக்கு வரும். வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றும் அமெரிக்கப் பழக்கத்தை 2021இல் கேரளம் சுற்றுலாத் திட்டமாக்கியது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் உண்டு. ஆனால் பின்சீட்டுக்குக் கீழே கேஸ் அடுப்பும் புளியோதரைத் தூக்கும் பாயும் ஏற்றிக்கொண்டு சபரிமலை, ராமேஸ்வரம் போய்வரும் குடும்பங்கள் எந்தக் கொள்கைக்கும் காத்திருக்கவில்லை. லாரி ஓட்டுநருக்கோ, கேபின்தான் வருஷத்தில் பாதி நாள் வீடு.

இவர்களுக்கு நெட் பொழுதுபோக்குக்கு மட்டுமல்ல. பாஸ்டேகில் பணம் தீர்ந்தால் அங்கேயே ஏற்ற வேண்டும். சரக்குக்கு இ-வே பில் காட்ட வேண்டும். டீசலுக்கு யுபிஐ. நெட் போனால் வண்டியும் நின்றுவிடும்.

ஆனாலும் போன் கடையில் முதலில் கேட்பது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்றுதான். சாலைக்கு வாங்கும் போனில் பார்க்க வேண்டியது, கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான விவரப் பட்டியலில் பொடி எழுத்தில் இருக்கும் பேண்ட் வரிசையை. டவர் அனுப்பும் அலைவரிசைகளில் 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்தவை தூரம் போகும், சுவரையும் தாண்டும். 2300, 3500 போன்ற உயர்ந்தவை வேகம் தரும். கொஞ்ச தூரத்திலேயே சோர்ந்துவிடும். நகரத்தில் 5ஜி பறக்கிற அதே போன் காட்டுப் பாதையில் கையை விரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300இல் ஓடுகிறது. அதாவது பேண்ட் 5, 3, 40. ஏர்டெல்லும் வியும் 900ஐயும் கையாள்கின்றன. அது பேண்ட் 8. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700, அதாவது பேண்ட் 28, முக்கியம். 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 97,500க்கும் மேற்பட்ட 4ஜி டவர்களோடு பிஎஸ்என்எல் சேவை நாடு முழுதும் தொடங்கப்பட்ட பிறகு, அதை இரண்டாவது சிம்மாக வைத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம். ஆனால் பேண்ட் 28 இல்லாத போனில் அந்த 700 டவர் இருந்தும் இல்லாததுதான்.

ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. ஆகவே 4ஜியிலேயே பேச வைக்கும் வோல்டி வசதி இல்லாத போனில் அந்த சிம்மைப் போட்டால் பேச்சே வராது. ஜியோவின் 5ஜி 4ஜியைச் சார்ந்திராமல் தனித்து ஓடும் வகை. போனில் அந்த ‘ஸ்டாண்ட் அலோன்’ வசதியும் இருந்தாக வேண்டும்.

சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் போனில் இன்னொரு சிக்கல். அங்கே விற்கும் ஐபோன்களில் 14ஆம் மாடல் தொடங்கி சிம் போடும் இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். வழியில் ஒரு கடையில் சிம் வாங்கிச் செருகும் கதை நடக்காது. சில போன்கள் அங்குள்ள கம்பெனிக்கே பூட்டப்பட்டிருக்கும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். ஆவடியிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போய், மகனோடு ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பும் பெற்றோரின் இந்திய போன்கள் பலவற்றில், அங்கே கிராமப்புறத்தைத் தாங்கும் 600, 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் (71, 12, 13) இருப்பதில்லை. 3ஜியையும் அந்நாட்டு நிறுவனங்கள் 2022க்குள் மூடிவிட்டன. நகரத்தில் முழு டவர் காட்டிய போன் பூங்காவுக்குள் வெறும் கேமராவாகிவிடும்.

எந்த கம்பெனி சிம் என்பதைக் கடைக்காரரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்து 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத் தர விதிகளின்படி, 2ஜி முதல் 5ஜி வரை எங்கெங்கே சேவை உண்டு என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். கிளம்பும் முன் பாதையை அதில் ஓட்டிப் பார்க்கலாம். சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு போகிறவர் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்க்கட்டும். வால்பாறைக்காரர் ஆழியாற்றுக்கு மேலே நாற்பதையும். மேப்பை ஊரிலேயே ஆஃப்லைனில் இறக்கிவைப்பது இதைவிடவும் நிச்சயமான வழி.

இரண்டு சிம் என்றால் இரண்டு மடங்கு செலவு என்ற பயமும் முன்போல் வேண்டாம். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம். இரண்டாவது சிம்மை அதில் உயிரோடு வைத்துக்கொண்டு, வேண்டியபோது டேட்டா ஏற்றிக்கொள்ளலாம். ஆப்பிள் லோடுக்குக் காஷ்மீர் போகிறவர்கள் மட்டும் வேறு கணக்குப் போட வேண்டும். வெளிமாநில பிரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் வேண்டும். ஜம்முவில் இறங்கிய பிறகு இது தெரிந்து திண்டாடியவர்கள் ஏராளம். தனுஷ்கோடி முனையில் நிற்கிறவர்களோ, இலங்கை டவரைப் போன் பிடித்துக்கொள்ளாமல் வெளிநாட்டு ரோமிங்கை அணைத்துவைப்பது நல்லது.

இனி, காசு கொடுத்து வம்பை வாங்குவது. அமெரிக்க வீடியோக்களில் ஆர்.வி. கூரையில் சிக்னல் பூஸ்டர் மாட்டுவதைக் காட்டுகிறார்கள். அங்கே அனுமதி பெற்ற மாடல்களை மாட்டலாம். இங்கே தனியார் பூஸ்டரை உரிமமின்றி வைத்திருப்பதே சட்டவிரோதம். ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. ஒரு வண்டியின் பூஸ்டர் சுற்றியுள்ள டவரையே குழப்பி, அக்கம்பக்கத்துப் போன்களையும் கெடுக்கும். சாட்டிலைட் போன் இன்னும் ஆபத்து. துராயா, இரிடியம் கருவிகளையும் சாட்டிலைட் வழி செய்தி அனுப்பும் கார்மின் கருவிகளையும் அனுமதியின்றிக் கொண்டுவந்து, விமான நிலையங்களில் கைதான வெளிநாட்டினர் உண்டு. லண்டன், டொராண்டோவிலிருந்து வந்து வேன் எடுத்துச் சுற்றும் நம் உறவினர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் கண்ணாடியோரம் ஒட்டிய போன் ஒளி மங்கி, சார்ஜ் ஏறாமல், கடைசியில் அணைந்தே போவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஐபோனை 35 டிகிரி வரை பயன்படுத்தலாம் என்கிறது ஆப்பிள். சென்னையின் மே மாதப் பகல் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஏசி வாய்க்கு எதிரே மாட்டும் கிளிப் நூறு, இருநூறு ரூபாய். பின்னால் இருக்கும் பத்துப் பேருக்கும் ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போன் வேறாகவும், வழிகாட்டும் போன் வேறாகவும் இருந்தால் இரண்டுமே பிழைக்கும். ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் மோட்டார் வாகன விதி திருத்தப்பட்டது. கையில் பிடித்துப் பேசினால் 184ஆம் பிரிவில் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு.

போன் களவு போனால்? ஓசூரில் திருடுபோனதற்கு ஓசூரில்தான் புகார் என்று அலையவிட முடியாது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வழிசெய்கிறது. பாரிவாக்கத்துக்காரர் ஊர் திரும்பி, ஆவடி காவல் ஆணையரகத்துக்கு உட்பட்ட தன் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். பிறகு அதே எண்ணில் புது சிம் வாங்கி, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் நகலையும் வாங்கிய பில்லையும் ஏற்றினால், அந்தக் கருவி நாடு முழுவதும் முடக்கப்படும். அதற்கு ஐஎம்இஐ எண் வேண்டும். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்கத்தை ஆர்.சி. புத்தகத்தின் உறையில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். அவசரத்துக்கு 112. சொந்த கம்பெனி டவர் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் இருந்தால் அழைப்பு போகும். பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தாலும் போதும். ஆன்லைன் மோசடியில் பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

முதலாளி பேரில் சிம், டிரைவர் கையில் போன் என்ற ஏற்பாடு டிராவல்ஸ் தொழிலில் சகஜம். ஒருவர் பேரில் 9 சிம்தான் இருக்கலாம். வரம்பை மீறினால் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி முதல் முறை 50,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 2 லட்சம் வரையும் அபராதம். வேலையை விட்டு நின்றுபோன டிரைவரிடம் தங்கிவிட்ட சிம்மில் மோசடி நடந்தால் முதல் விசாரணை யார் பேரில் சிம் இருக்கிறதோ அவரிடம்தான். தன் பேரில் எத்தனை எண் இருக்கிறது என்பதையும் சஞ்சார் சாத்தியில் பார்க்கலாம், வேண்டாததை வெட்டச் சொல்லலாம்.

சேவை கெட்டால் புலம்பிவிட்டு ரீசார்ஜ் செய்வதுதான் வழக்கம். ஆனால் ஒரு மாவட்டம் முழுதும் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால், போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும், 2025 ஏப்ரல் முதல் பிரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பும் தர வேண்டும். மிக்ஜாம் புயல் மாதிரியான இயற்கைச் சீற்றத்துக்கு மட்டும் விலக்கு. மற்ற குறைகளுக்கு 198இல் புகார் சொல்லி எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணமில்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

அதற்கும் மேலே கதவு உண்டா என்பது வெகுகாலம் சந்தேகமாகவே இருந்தது. தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாது என்று நிறுவனங்கள் வாதிட்டன. 2009இல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருந்தது. மாதம் சராசரி 555 ரூபாய் பில் வந்துகொண்டிருந்த ஓர் அகமதாபாத் வாடிக்கையாளருக்கு 2013இல் திடீரென 24,609 ரூபாய் பில் வந்தது. அந்த வழக்கில்தான் 2022 பிப்ரவரி 16 அன்று, நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் உரிமையை 7பி பறிக்காது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போனே பழுதென்றாலும் வழி இதேதான். பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பெங்களூருவில் வாங்கிய போனுக்கும் பாரிவாக்கத்தில் குடியிருப்பவர் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமே இல்லை. வழக்குக்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசிப் பார்க்கலாம்.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் பாக்கி இருக்கிறது. கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்கு அனுப்பினால் அந்தக் கருவியின் கம்பெனியும் மாடலும் வரும். பதிலில் வரும் மாடல் ஒன்றும் கையில் இருக்கும் போன் வேறொன்றுமாக இருந்தாலோ, கருப்புப் பட்டியலில் இருப்பதாக வந்தாலோ, பேரம் பேச ஒன்றுமில்லை. காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பு, கடை வாசலிலேயே அனுப்பிப் பார்க்க வேண்டியது அது.