ஆதார் எண்ணை மென்பொருள் எப்படி மோப்பம் பிடிக்கிறது?

கடையில் பில் போடும்போது செல்போன் எண் கேட்கிறார்கள், சொல்லிவிடுகிறோம். அது பில் போடும் கணினியோடு நிற்பதில்லை. விளம்பரப் பட்டியல், கணக்காளரின் எக்செல் கோப்பு, பழைய மின்னஞ்சல் என்று பல இடங்களுக்குப் போய்விடுகிறது. ‘என் தகவலை அழித்துவிடுங்கள்’ என்று நாம் கேட்டால், நிறுவனம் எங்கே போய்த் தேடும்?

அப்படிக் கேட்கும் உரிமையை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. தகவலுக்கு உரிய பாதுகாப்புச் செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். தகவல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அழிக்கவும் பாதுகாக்கவும் முடியும். அதைத் தேடுவதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன.

ஆதார் எண்ணையே எடுத்துக்கொள்வோம். அதில் 12 இலக்கங்கள். ஆனால் வங்கிக் கணக்கு எண்ணிலும் 12 இலக்கங்கள் இருக்கலாமே? மென்பொருள் முதலில் தொடக்கத்தைப் பார்க்கும். ஆதார் 0, 1 ஆகியவற்றில் தொடங்காது. அடுத்து, முதல் 11 இலக்கங்களை வைத்து ‘வெர்ஹாஃப்’ முறையில் ஒரு கணக்குப் போடும். கிடைக்கும் விடைதான் 12ஆவது இலக்கமாக இருக்க வேண்டும். ஏதோ ஓர் எண் தற்செயலாகப் பொருந்திவிடப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே பக்கத்தில் ‘ஆதார்’, ‘பிறந்த தேதி’ போன்ற சொற்கள் உள்ளனவா என்றும் பார்க்கும்.

இப்படிக் கண்டதையெல்லாம் ஒரு பதிவேட்டில் சேர்க்கும்: எந்தத் தகவல், எங்கே, எதற்காக, எப்போது அழிக்க வேண்டும். அழிக்கச் சொல்லி நாம் கேட்டால், அந்தப் பதிவேடு எல்லா இடங்களையும் காட்டிக்கொடுக்கும்.

மென்பொருளால் தேடத்தான் முடியும். தேவையில்லாத தகவலைக் கேட்காமலே இருப்பது நிறுவனத்தின் கடமை.