காரில் குளிர் வரவில்லையா? கம்ப்ரசரைக் கழற்றுமுன் ஒயரைப் பாருங்கள்!

மே மாதம். பகல் 12 மணி. பாளையங்கோட்டையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது.

ஒரு குடும்பம் காரில் பாபநாசத்துக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா கார் ஓட்டுகிறார். பின்னால் அம்மா, மடியில் கைக்குழந்தை. பக்கத்தில் ஆச்சியும் மூத்த பையனும். பாபநாசம் போய்த் தாமிரபரணியில் ஒரு முழுக்குப் போடவேண்டும் என்பது ஆச்சியின் நெடுநாள் ஆசை.

சேரன்மாதேவி வரையில் சுகமான பயணம். அதற்குப் பிறகு ஏ.சி.யிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. சற்று நேரத்தில் அதுவும் அனலாக மாறியது. கண்ணாடியை இறக்கினார்கள். வெளிக்காற்று நெருப்பாக முகத்தில் அடித்தது. குழந்தை வீறிட்டு அழுதது. ஆச்சிக்குத் தலை சுற்றியது.

வழியில் ஒரு பட்டறையில் காரை நிறுத்தினார்கள்.

"கேஸ் போயிட்டு அண்ணாச்சி. ஏத்தணும்" என்றார் மெக்கானிக்.

கேஸ் ஏற்றினார்கள். குளிர் வந்தது. பணம் கொடுத்துவிட்டு, பாபநாசம் போகாமலே வீடு திரும்பினார்கள். மூன்றாம் நாள் பழைய கதைதான்! குளிர் நின்றுவிட்டது.

இன்னொரு பட்டறைக்குப் போனார்கள்.

"கம்ப்ரசர் போயிட்டு அண்ணாச்சி. புதுசு போட்டாத்தான் சரிவரும்" என்றார் அங்கே இருந்தவர்.

கம்ப்ரசர் என்றால் பல ஆயிரம் ரூபாய்! அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. பையனுக்குப் பணம் கட்டவேண்டும். அப்பா யோசித்தார். வண்ணார்பேட்டையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அவரிடம் காரைக் கொண்டுபோனார்.

அவர் ஸ்பானரைத் தொடவில்லை. சட்டைப்பை அளவுள்ள ஒரு மீட்டரை எடுத்தார். அரை மணி நேரம் அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தார். கடைசியில் முன்பக்கத்திலிருந்து ஒரு ஒயரை வெளியே இழுத்துக் காட்டினார். நூல் போன்ற மெல்லிய ஒயர். அது பாதி அறுந்திருந்தது.

கம்ப்ரசர் நன்றாகவே இருந்தது!

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் இந்தக் கஷ்டம் கற்பனை அல்ல. கார் வைத்திருக்கும் யாருக்கும் இது நேரலாம். அந்த மெக்கானிக் என்ன பார்த்தார்? எப்படிக் கண்டுபிடித்தார்? அதைத் தெரிந்துகொண்டால், தேவையில்லாமல் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

குளிர் எங்கிருந்து வருகிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கார் ஏ.சி.யின் ரகசியமும் இதுதான்.

பானையில் தண்ணீர். காரில் கேஸ். பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ என்ற கேஸ் இருக்கிறது. புதிய கார்கள் சிலவற்றில் வேறு கேஸ் வருகிறது. தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. இந்தக் கேஸோ பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

கம்ப்ரசர் இந்தக் கேஸை அமுக்குகிறது. அமுக்கியதும் அது சூடாகிறது. காரின் முகப்பில் உள்ள கண்டென்சரில் விசிறிக் காற்றுப் பட்டு, அது திரவமாகிறது. பிறகு ஒரு சிறு துவாரத்தின் வழியாகப் பீச்சி அடிக்கப்படுகிறது. அப்போது அது ஆவியாகி, காருக்குள் உள்ள சூட்டை உறிஞ்சுகிறது. மறுபடியும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது.

காவல்காரன்

இந்தக் கேஸின் அழுத்தம் மிகவும் குறைந்தாலும் ஆபத்து. மிகவும் கூடினாலும் ஆபத்து.

கேஸ் ஒழுகிப்போனால் அழுத்தம் குறையும். கேஸோடு சேர்ந்துதான் எண்ணெயும் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாவிட்டால் எண்ணெயும் வராது. கம்ப்ரசர் தேய்ந்து கெட்டுப்போகும். விசிறி நின்றுவிட்டால் அழுத்தம் ஏறும். குழாய் வெடிக்கவும் கூடும்.

இதற்காகவே குழாயில் ஒரு காவல்காரன் இருக்கிறான். பெயர் பிரஷர் சென்சார். கட்டைவிரல் அளவுதான் இருப்பான். அழுத்தம் எவ்வளவு என்று காரின் கம்ப்யூட்டருக்கு ஓயாமல் சேதி சொல்வதே இவன் வேலை. சேதி சரியாக இருந்தால்தான், "கம்ப்ரசர் ஓடட்டும்" என்று கம்ப்யூட்டர் உத்தரவு போடும்.

காவல்காரனிடமிருந்து சேதி வராவிட்டால்? அல்லது தாறுமாறாக வந்தால்? கம்ப்யூட்டர் கம்ப்ரசரை நிறுத்திவிடும். எதற்கு வம்பு என்ற எச்சரிக்கைதான்! சில கார்களில் விசிறி மட்டும் நிற்காமல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் ஓர் அடையாளம்.

முதன்முதலாகக் காரில் ஏ.சி. வைத்து விற்றது அமெரிக்காவின் பக்கார்டு கம்பெனி. 1940-ஆம் ஆண்டு மாடலில் அது வந்தது. அதில் இப்படிப்பட்ட காவல் எதுவும் கிடையாது. குளிர் போதும் என்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றவேண்டும்!

பாளையங்கால்வாய் சொல்லும் பாடம்

பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிகிறது பாளையங்கால்வாய். அதன் கடைமடையில் ஒரு வயல் காய்கிறது. விவசாயி என்ன செய்வார்?

"அணைக்கட்டு கெட்டுவிட்டது, இடித்துக் கட்டு" என்பாரா? மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கால்வாய்க் கரையோடு நடப்பார். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா? மதகு திறந்திருக்கிறதா? எங்கே அடைத்திருக்கிறது? எங்கே கரை உடைந்திருக்கிறது? ஒவ்வொரு மடையாகப் பார்ப்பார்.

காரிலும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

மூன்று ஒயர்கள்

இன்றைய கார்கள் பலவற்றில் பிரஷர் சென்சாருக்கு மூன்று ஒயர்கள் உண்டு.

ஒன்று, கம்ப்யூட்டரிலிருந்து 5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவரும் ஒயர்.

இரண்டு, அந்த மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் ஒயர்.

மூன்று, சேதி சொல்லும் சிக்னல் ஒயர். அழுத்தம் குறைவாக இருந்தால் இதில் அரை வோல்ட் போல வரும். அழுத்தம் ஏற ஏற 4 வோல்ட்டுக்கு மேலும் போகும்.

மூன்றில் எது அறுந்தாலும் காவல்காரன் ஊமை!

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஸ்கேனரை மாட்டிப் பார்ப்பார்கள். பி0532 என்ற எண் வந்தால், சேதியின் வோல்ட் மிகக் குறைவு என்று பொருள். பி0533 என்றால் மிக அதிகம். ஆனால் சென்சார்தான் கெட்டது என்று இந்த எண் சொல்லவில்லை. எந்தத் தெருவில் திருட்டு என்றுதான் சொல்கிறது. திருடனை நாம்தான் தேடவேண்டும். இந்த எண்ணைப் பார்த்த உடனே சென்சாரை மாற்றி, பிறகு கம்ப்ரசரையும் மாற்றி, பணத்தை இழந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, கேஸ் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேஜ் மாட்டிப் பார்க்கவேண்டும். எஞ்சின் ஓடாமல் ஆறியிருக்கும்போது, வெப்பம் 35 டிகிரி சென்டிகிரேடு என்றால், ஆர்-134ஏ கேஸ் சதுர அங்குலத்துக்குச் சுமார் 115 பவுண்டு அழுத்தம் காட்டும். கேஸ் முழு அளவு இருக்கிறதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் குழாய் காலியாக இல்லை என்பது நிச்சயம்.

அதே நேரத்தில் ஸ்கேனரில் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். கேஜும் ஸ்கேனரும் ஏறக்குறைய ஒத்துப்போனால் சென்சார் மேல் குற்றமில்லை. கேஜ் 115 காட்ட, ஸ்கேனர் பூஜ்யம் காட்டினால்? கேஸும் இருக்கிறது, சேதியும் பொய். குற்றம் சென்சாரில், அல்லது அதன் ஒயரில்!

மூன்றாவது, சென்சாரின் பிளக்கைக் கழற்றி, சாவியைப் போட்டு, மீட்டரால் அளக்கவேண்டும். 5 வோல்ட் ஒயருக்கும் எர்த் ஒயருக்கும் நடுவில் 5 வோல்ட் இருக்கவேண்டும். இல்லையா? 5 வோல்ட் ஒயரையும் பாட்டரியின் எர்த்தையும் வைத்து மறுபடி அளக்கவேண்டும். இப்போது 5 வோல்ட் வந்தால், அறுந்தது எர்த் ஒயர். இப்போதும் வராவிட்டால், 5 வோல்ட் வரும் வழியில்தான் கோளாறு.

நான்காவது, சிக்னல் ஒயர். கார் கம்பெனியின் கையேட்டில் சொல்லியபடி இதற்கு 5 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். ஸ்கேனரில் அழுத்தம் உச்சிக்கு ஏறினால் வழி சுத்தம். சென்சாரை மாற்றலாம். ஏறாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறதா என்று தேடவேண்டும். கம்ப்யூட்டர் மேல் பழி போடுவது கடைசியில்தான்.

ஐந்தாவது, பிளக்கை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஒயரை மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். அசைக்கும்போது ஸ்கேனரில் எண் குதித்தால், குற்றவாளி அந்த இடத்தில்தான் இருக்கிறான்.

நம் குடும்பத்தின் காரில் நடந்தது இதுதான். ஒயர் பாதி அறுந்து, தொட்டும் தொடாமலும் இருந்தது. கேஸ் ஏற்றும்போது ஒயர் அசைந்து தற்செயலாகத் தொட்டுக்கொண்டது. குளிர் வந்தது. கேஸால்தான் வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். மூன்று நாள் ஓட்டத்தில் மறுபடி விட்டுப்போயிற்று!

எலியும் வெள்ளமும்

ஒயர் ஏன் கெடுகிறது? ஆற்றங்கரை ஊர்களில் வயல் எலிக்குப் பஞ்சமில்லை. இரவில் நிற்கும் காரின் கதகதப்பான எஞ்சினுக்குள் எலி புகுந்துவிடும். ஒயரைக் கடித்துவிட்டுப் போய்விடும்.

இன்னொரு பகைவன் தண்ணீர். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரைபுரண்டது. வீதியில் நின்ற வாகனங்கள் நீரில் மூழ்கின.

புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தில் பச்சைக் களிம்பு ஏறுகிறதல்லவா? பிளக்குக்குள் தண்ணீர் புகுந்தாலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் செம்பில் களிம்பு ஏறும். கார் அன்றைக்கு ஓடும். மாதங்கள் கழித்துக் கோளாறு தலைகாட்டும். வெள்ளம் பார்த்த காரை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இதைச் செய்யாதீர்கள்!

பழைய கார்களில் இரண்டே ஒயருள்ள பிரஷர் சுவிட்ச் இருந்தது. அந்த இரண்டையும் முறுக்கிவிட்டு கம்ப்ரசரை ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது காவல்காரனைக் கட்டிப்போடுவது போல. கேஸ் இல்லாமல் ஓடினால் நல்ல கம்ப்ரசரும் கெடும். மூன்று ஒயர் சென்சாரில் இப்படிச் செய்தால் கம்ப்யூட்டருக்கே கேடு வரலாம்.

வீட்டில் நீங்களே கேஸ் குழாயைத் திறக்காதீர்கள். பீச்சி அடிக்கும் கேஸ் பட்டால் கண் போகும், தோல் உறைந்து புண்ணாகும். அதைக் காற்றில் விடுவது உலகத்துக்கும் கெடுதல். கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் கேஸ் அது.

பல கார்களில் சென்சாருக்கு அடியில் ஒரு சிறு வால்வு உண்டு. அப்படிப்பட்ட கார்களில் கேஸை வெளியே எடுக்காமலே சென்சாரை மாற்றிவிடலாம். உங்கள் காரில் எப்படி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கேள்வி

"கம்ப்ரசர் போயிட்டு" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். கோபப்படவும் வேண்டாம். கம்ப்ரசர் உண்மையிலேயே கெடுவதும் உண்டு. அமைதியாக ஒரு கேள்வி கேளுங்கள்:

"அண்ணாச்சி, கேஜ் என்ன காட்டுது? ஸ்கேனர் என்ன காட்டுது? 5 வோல்ட் வருதா?"

நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். மீட்டரை எடுத்து உங்கள் கண்முன்னே அளந்து காட்டுவார்.

வண்ணார்பேட்டை மெக்கானிக் அறுந்த ஒயரை ஒட்டி, மேலே உறை போட்டு, எலி எட்டாத இடத்தில் கட்டிவிட்டார். கூலி கொஞ்சம்தான். பள்ளிக்கூடப் பணம் பத்திரமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் மறுபடி புறப்பட்டது. சேரன்மாதேவி தாண்டியது. அம்பாசமுத்திரமும் தாண்டியது. உள்ளே குளுகுளுவென்று காற்று. குழந்தை தூங்கிவிட்டது.

பாபநாசத்தில் ஆச்சி தாமிரபரணியில் இறங்கி, ஆசை தீர மூன்று முழுக்குப் போட்டாள்!