எந்த போர்டுக்கு எந்த ரேம்?

சொந்தமாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய இறங்குகிறவர்கள் பலரும் ரேமைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் முடிவான பிறகு, மிச்சப் பணத்தை எண்ணிப் பார்த்து, "16 ஜிபி போட்டுடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்வதோடு சரி. எத்தனை ஜிபி என்பது அப்புறம். உங்கள் மதர்போர்டு எந்தத் தலைமுறை ரேமை ஏற்கும்? அதை முதலில் பாருங்கள்.

புதிய கம்ப்யூட்டருக்கு இப்போது வாங்குவது டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. இரண்டிலும் 288 பின்கள், நீளமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அடியில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. பலத்தைக் காட்டி அழுத்தினால் ஸ்லாட் உடையும். வெட்டு மட்டும்தான் வேறு என்றும் நினைத்துவிட வேண்டாம். டிடிஆர்4-க்கு வேண்டிய 1.2 வோல்ட்டை மதர்போர்டே சீராக்கிக் கொடுக்கிறது. டிடிஆர்5 1.1 வோல்ட்டில் ஓடுகிறது. அந்த மின்சாரத்தைச் சீராக்கும் சிப் ரேமிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஏஎம்டி பக்கம் இதில் குழப்பமே இல்லை. ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4. 2022-ல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5. வம்பு இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில்தான். அதில் பொருந்தும் 12, 13, 14-ஆம் தலைமுறை கோர் பிராசசர்கள் இரண்டு வகை ரேமோடும் வேலை செய்யும். எது என்பதைத் தீர்மானிப்பது போர்டு. ஒரே பி760 சிப்செட்டில், ஒரே மாதிரிப் பெயரில், டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. சில நிறுவனங்கள் பெயரின் கடைசியில் 'டி4' என்று போட்டு வேறுபடுத்தும். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. அதனால் பில் போடுவதற்கு முன் போர்டின் முழு மாடல் பெயரையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். எல்ஜிஏ1700-க்கு அடுத்த எல்ஜிஏ1851 சாக்கெட்டில் இந்தத் தலைவலி இல்லை, டிடிஆர்5 மட்டுமே.

ஆன்லைனில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் 'ரெஜிஸ்டர்டு' ரேம் சர்வர்களுக்கானது. அதன் டிடிஆர்4 வகை உங்கள் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் சாதாரண வீட்டு போர்டில் கம்ப்யூட்டர் கிளம்பாது.

இனி வேகம். பெட்டியில் 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ரேமை மாட்டினால், பெரும்பாலும் அது 4800-இல்தான் ஓடத் தொடங்கும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் நீங்கள் காசு கொடுத்த வேகம் கைக்கு வரும். இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. எச்610 போன்ற அடிமட்ட சிப்செட்டுகள் இன்டெல் வகுத்த வரம்பைத் தாண்ட விடாது. அந்த போர்டுக்கு வேகமான ரேம் வாங்குவது வீண் செலவு. இன்னொன்று: 3200 என்று வாங்கிய ரேமை சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போவதால் 1600-ம் 3200-ம் ஒன்றுதான்.

எண்ணிக்கையிலும் விஷயம் இருக்கிறது. ஒரே 32 ஜிபி ஸ்டிக்கை விட இரண்டு 16 ஜிபி நல்லது. அப்போதுதான் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதைகள், அதாவது சேனல்கள், இரண்டும் வேலை செய்யும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுவதே வழக்கம். நான்கையும் நிரப்ப ஆசைப்பட்டால் வேகம் விழும்: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வரம்பு இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கில் வெறும் 3600. பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று பாதி வாங்கி வைக்காமல், வேண்டிய அளவை ஒரே ஜோடியாக வாங்குவதே என் கட்சி.

போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில், சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாதது ஓடாது என்று பொருளல்ல. இருப்பதை வாங்கினால் கவலை குறைவு, அவ்வளவுதான்.

எல்லாம் மாட்டி ஏஎம்5 போர்டை முதல்முறை ஆன் செய்யும்போது, திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருக்கலாம். போர்டு அப்போது ரேமைச் சோதித்துத் தனக்கு ஏற்ற அளவுகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும். பதறிப்போய் சுவிட்சை அணைக்காதீர்கள், ரேமையும் பிடுங்காதீர்கள்.