பத்து குஞ்சு வாங்கினோம், பாதி சேவல்! நாட்டுக்கோழிக் கணக்கில் நான் கோட்டை விட்ட இடம்



"வீட்டுக்குப் பின்னாடி நாட்டுக்கோழி வளர்த்தா கட்டுபடியாகுமா?" நம்ம வீடியோக்களுக்குக் கீழ அடிக்கடி வர்ற கேள்வி இது. பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணை ஒத்துக்கறேன். ஆடிட்டர்னு பேரு வெச்சுக்கிட்டு, எங்க அம்மாவுக்கே இந்தக் கணக்கைத் தப்பாப் போட்டுக் கொடுத்தவன் நான்.

அம்மா தாராபுரம் பக்கம் கிராமத்துல இருக்காங்க. ஒரு மாசக் குஞ்சு 120 ரூபாய்னு பத்து வாங்கினாங்க. நான் எக்செல்ல கணக்குப் போட்டேன். ஒரு கோழி வருஷத்துக்கு 70 முட்டை, முட்டை 12 ரூபாய், பத்து கோழிக்கு 8,400 ரூபாய். அதை நம்பி, இன்னும் 50 குஞ்சு வாங்க மகளிர் குழுவுல 20,000 ரூபாய் கடன் கேட்டுட்டாங்க.

அந்தக் கடன் கைக்கு வர்றதுக்குள்ள ஒரு நாள் காலைல போன். "கண்ணு, இன்னைக்கு ரெண்டு கூவுது. மத்த மூணுக்கும் கொண்டை செவந்துருச்சு."

எங்கே தப்பு?

நாட்டுக்கோழிக் குஞ்சை பெரும்பாலும் ஆண், பெண் பிரிக்காமத்தான் விக்கறாங்க. சராசரியா பாதிக்குப் பாதி சேவல் வரும். விக்கறவர் ஏமாத்தினார்னு சொல்ல முடியாது. எங்க பத்துல ஒண்ணைக் கீரி தூக்கிருச்சு. மிச்சம் 5 சேவல், 4 பெட்டை.

இப்ப சரியான கணக்கு:

- குஞ்சு விலை: 1,200
- ஆறு மாசம் வரை தீவனம், தடுப்பூசி: 2,500 (மேய்ச்சல் இருந்ததால இவ்வளவுதான்)
- மொத்தம்: 3,700

நான் இதைப் பத்தால வகுத்து, ஒரு கோழிக்கு 370 ரூபாய்னு சொன்னேன். முட்டை போடறது நாலுதான். அப்ப ஒரு பெட்டைக்கு அடக்கம் 925! முட்டை வருமானமும் 8,400 இல்லை, 3,360.

சேவல் நஷ்டமா?

இல்லைங்க, காலத்துல வித்தா! ஆடி மாசக் கோயில் நோன்பி சமயத்துல நாட்டுச்சேவலுக்கு நல்ல கிராக்கி. புரட்டாசில கேட்க ஆள் இருக்காது. ஆடில நாலு சேவல், தலா ஒன்றரை கிலோ, கிலோ 300 ரூபாய்னு 1,800 வந்துச்சு. அதைக் கழிச்சா ஒரு பெட்டைக்கு அடக்கம் 475 ஆகக் குறைஞ்சது.

"பார்க்க அழகா இருக்கு, இருக்கட்டும்"னு நாலையும் வெச்சிருந்தா? தீவனம் மட்டும் மாசம் 240 ரூபாய், அதாவது 20 முட்டை காசு. ஆறு மாசத்துக்கு மேல எடையும் பெருசா ஏறாது, சண்டை வேற. முட்டை போடறதுக்குச் சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்கணும்னாத்தான் தேவை. எட்டு, பத்து பெட்டைக்கு ஒண்ணு போதும்.

வீட்டுல பொரிச்ச குஞ்சு இலவசமா?

அடுத்து ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்துச்சு. அம்மா 12 முட்டை வெச்சாங்க, 21 நாள்ல 9 பொரிச்சது. காக்கா, பருந்துக்குப் போக 6 தேறுச்சு. "காசில்லாம ஆறு குஞ்சு!"ன்னு அம்மாவுக்கு சந்தோஷம்.

ஆனா வெச்ச முட்டையை வித்திருந்தா 144 ரூபாய். குஞ்சோட திரியற ரெண்டு மாசமும் கோழி முட்டை போடாது. ஒரு ஈடு, சுமார் 15 முட்டை, 180 ரூபாய் போச்சு. ஆக 324 ரூபாய், ஒரு குஞ்சுக்கு 54. முதல் மாசத் தீவனம் சேர்த்து 75ன்னு வைங்க. இலவசம் இல்லை, ஆனா கடை விலை 120ஐ விடக் குறைவு. இதுலயும் பாதி சேவல்ங்கறதை மறந்துடாதீங்க.

கடன் வாங்கலாமா?

முக்கியமான இடம் இதுதான். 20,000 கடனுக்குத் தவணை மாசம் சுமார் 1,800. அது அடுத்த மாசமே ஆரம்பிச்சுரும். முட்டை வர ஆறு மாசம் ஆகும், சேவல் காசும் அப்பத்தான். அதுவரை 10,800 ரூபாயை எங்கிருந்து கட்டறது? 50 குஞ்சுல 20 பெட்டை தேறினாக்கூட முட்டையில வருஷத்துக்கு 16,800தான். தவணை 21,600. கோழியை அடைக்கு வெச்சா முட்டை இன்னும் குறையும்.

கணக்கைத் திருத்திக் காட்டினேன். அம்மா ரெண்டு நிமிஷம் பேசலை. அப்புறம், "அப்ப கடன் வேண்டாஞ்சாமி, இருக்கறதுலயே பெருக்கிக்கறேன்"னாங்க. கடனை வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

நீங்க ஆரம்பிக்கறதா இருந்தா:

1. குஞ்சு எண்ணிக்கையில பாதியை மட்டும் முட்டைக் கணக்குல எழுதுங்க. இழப்புக்கும் ஒண்ணு ரெண்டு கழிங்க.
2. முதல் வாரம் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. தவறவிடாதீங்க. வெள்ளைக் கழிச்சல் வந்தா மொத்தக் கூண்டும் காலி. கால்நடைத் துறையோட பிப்ரவரி முகாம்ல இலவசமாவே போடறாங்க.
3. முதல் தடவை கைக்காசுல, பத்துக்குள்ள ஆரம்பிங்க.
4. கோழி வருமானம் விவசாய வருமானம் இல்லை. சொந்தத் தோட்டத்துல வளர்த்தாலும், வரி கட்டற அளவு வருமானம் இருக்கறவங்க லாபத்தைக் காட்டணும். அதனால ஒரு நோட்டுல வரவு செலவை எழுதுங்க.

வீட்டுல சாப்பிடற முட்டையையும் விலை போட்டு வரவுல எழுதுங்க. அதுவும் வருமானம்தான்!

உங்க பத்துல எத்தனை சேவல்? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.