நம் ரத்தத்திலேயே மருந்து

"ரத்தப் புற்றுக்கு செல்லை வெளியே வளர்த்து ஏற்றுகிறார்களாமே" என்ற பேச்சு ஊரூர் குப்பம் வரை வந்துவிட்டது. உண்மைதான். அடுத்தவர் ரத்தம் அல்ல. நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல் என்னும் வெள்ளணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். புற்றணுவை அடையாளம் காட்டும் மரபணுவை அவற்றுள் புகுத்தி, ஆய்வகத்தில் சத்து நீரில் கோடிக்கணக்கில் பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். கடும் காய்ச்சல் வரலாம். ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும்.

ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அப்போது செலவு சுமார் 40 லட்சம். அமெரிக்காவில் இதே வகைச் சிகிச்சைக்குக் கோடிகள்!

ஆனால் இது சிலவகை லிம்போமா, லுக்கீமியாவுக்கு மட்டுமே. அதுவும் மற்ற சிகிச்சைகள் பலிக்காதபோது. மார்பகப் புற்றுக்கோ கல்லீரல் புற்றுக்கோ அல்ல. நகையை அடகு வைக்குமுன், பக்கத்திலிருக்கும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் மருத்துவரிடம், "இவருக்கு இது பொருந்துமா?" என்று கேட்டுவிடுங்கள்.