பட்டணம் விழுந்தது, ஜனங்கள் எங்கே?

ஜேடர்பாளையத்தில் காவேரி அணைக்கரையில் மாலை வேளைகளில் கூடும் நமது நண்பர்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர்கள். 2022ம் வருஷம் பிப்ரவரி 24ந் தேதி ருஷியா உக்ரேன்மீது படையெடுத்தது முதலாக, நம்மைக் கண்டவுடன் அவர்கள் கேட்டு வந்த கேள்வி ஒன்றே: “இன்று எந்த ஊர் விழுந்தது?” பத்திரிகைக்காரராகிய நாமும் அக்கேள்விக்கே விடையளித்து வந்தோம். விழுந்த ஊரில் குடியிருந்தவர்கள் எவ்வழியாக வெளியேறினார்கள், யார் முன்னே சென்றார்கள், யார் பின்னே விடப்பட்டார்கள் என்று அவர்களும் கேட்கவில்லை. நாமும் எடுத்துச் சொல்லவில்லை. இது நமது குறையே. இக்கேள்வியின் முழுப் பொருளையும் அறிய ஐரோப்பாவுக்குப் போக வேண்டுவதில்லை. தமிழரே கால் தேய நடந்த வழியொன்று உண்டு. அது 1942ம் வருஷத்துப் பர்மா வழி.

1931ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி பர்மாவில் வசித்த இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்திலிருந்த நாலு லட்சம் ஜனங்களில் பாதிக்கு அதிகமானோர் நம்மவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், ரிக்ஷா இழுத்தவர்கள், தெருக் கூட்டியவர்கள், அரிசி ஆலைகளில் உழைத்தவர்கள், கணக்கெழுதிய குமாஸ்தாக்கள், லேவாதேவி செய்த நகரத்தார் ஆகிய எல்லோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளிகள் என்ற பேதமின்றி அந்நகரத்தைத் தாங்கி நின்றவை இவர்களுடைய தோள்கள்.

1941 டிசம்பர் 23ந் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. கிறிஸ்துமஸ் தினத்தன்றும் அவை மீண்டும் வந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எஞ்சிய தொழிலாளர் சட்டி பானைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு புரோம் சாலை வழியே தாய்நாட்டை நோக்கி நடக்கலாயினர். துரைத்தனத்தார் செய்தது என்ன? கூலிகள் போய்விட்டால் கப்பலில் சரக்கு இறங்காது. ஆகவே, “அபாயம் இல்லை, திரும்பி வாருங்கள்” என்று நயமொழி கூறி அவர்களில் பலரைத் திருப்பிக் கொணர்ந்தனர். ஏழைகள் நம்பித் திரும்பினார்கள். அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பிரதிபலனையே இனிச் சொல்லப் போகிறோம்.

1942 ஜனவரி 31ந் தேதி மௌல்மீன் விழுந்தது. பிப்ரவரி 23ந் தேதி விடியுமுன், இந்தியப் படைப் பிரிவொன்றின் பெரும்பகுதி எதிர்க்கரையில் நிற்கும்போதே சிட்டாங் நதியின் பாலம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. சிப்பாய்களில் பலர் நீந்திக் கரையேறினர். பலர் வெள்ளத்தோடு போயினர். மார்ச்சு 8ந் தேதி ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 3ந் தேதி விழுந்த குண்டுகளால் மாந்தளை தீப்பற்றி எரிந்தது. மே 1ந் தேதி அதுவும் பகைவர் வசமாயிற்று. மே 8ந் தேதி மிச்சினா விழுந்ததோடு, ஆகாய மார்க்கமாகத் தப்பும் வழியும் அடைபட்டது. போர்முனைச் செய்தியாக எழுதினால் இவ்வளவுதான். ஐந்தாறு தேதிகள், ஐந்தாறு ஊர்கள். ஆனால் இவ்வொவ்வொரு தேதிக்கும் பின்னால் லட்சக்கணக்கான கால்கள் நடந்துகொண்டிருந்தன.

கப்பலில் இடம் பிடிக்கப் பணமும் செல்வாக்கும் வேண்டியிருந்தன. அவை இல்லாதவர்களில் ஒரு சாரார் தௌங்கூப் கணவாயைத் தாண்டி அரக்கான் கரைக்கு நடந்தனர். மற்றொரு சாரார் சிந்த்வின் நதியைக் கடந்து தமு வழியாக மணிப்பூருக்குள் புகுந்தனர். கடைசியில் அகப்பட்டுக்கொண்டவர்கள் ஹூகாங் பள்ளத்தாக்கின் சேற்றிலும் மழையிலும் அஸ்ஸாமின் லீடோவை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைத் தொடர்ந்து வந்தன. இந்தியாவை வந்தடைந்தவர் நாலு அல்லது ஐந்து லட்சம் என்பர். வழியில் மாண்டவர்களைப் பதினாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதினாயிரத்துக்கு மேல் என்பாரும் உண்டு. விழுந்த ஊர்களுக்குத் தேதி தவறாமல் கணக்கெழுதிய ஏகாதிபத்தியம், விழுந்த மனிதர்களுக்குக் கணக்கு வைக்கவில்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. உயிருக்கு அஞ்சி ஓடுகிற இடத்திலும் நிறபேதம் விட்டபாடில்லை. வெள்ளையருக்கும் சட்டைக்காரருக்கும் வசதியுள்ள மார்க்கம். இந்தியருக்குக் கடினமான மார்க்கம். வெள்ளை வழி, கறுப்பு வழி என்றே அவற்றுக்குப் பெயர் ஏற்பட்டது. 1942 ஏப்ரல் கடைசியில் அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி இந்தப் பாரபட்சத்தைக் கண்டித்தது. ஆயினும் ஓர் உண்மையை மறைப்பது தர்மமாகாது. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கள் தொழிலாளரைக் கொண்டு வழியமைத்து, முகாம் போட்டு, கஞ்சி வார்த்து, பல ஆயிரம் உயிர்களைக் காத்தனர். அம்முகாம்களுக்கு மண் சுமந்த கூலிகளும் ஏழைகளே.

அதே ஏப்ரலில் நமது மாகாணத்திலும் சோதனை நேர்ந்தது. 5ந் தேதி கொழும்புமீதும், 6ந் தேதி விசாகப்பட்டணம், காக்கிநாடா மீதும் குண்டு விழுந்தது. சில நாட்களில் சென்னை சர்க்கார் தன் இலாகாக்களை மூட்டை கட்டி உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பிற்று. உள்நாட்டில் உற்றார் உள்ளவர்கள் ரயிலேறினர்; இல்லாதவர்கள் பட்டணத்திலேயே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பகைவர் படை சென்னையில் இறங்காதது நமது பாக்கியமேயன்றி, ஆண்டவர்களின் சாமர்த்தியமன்று.

இவையெல்லாம் பழங்கதை என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். 2022ல் உக்ரேனில் வைத்தியம் படிக்கச் சென்றிருந்த நம் பிள்ளைகள் பனியில் எல்லைவரை நடந்தனர். அவ்வெல்லையிலும் தங்களைப் பின்னுக்குத் தள்ளியதாக இந்திய, ஆப்பிரிக்க மாணவர்கள் முறையிட்டனர். அவர்களை அழைத்து வர விமானங்கள் சென்றன, சந்தோஷம். ஆனால் அழைத்து வர ஆளில்லாமல் நம்மிடமே ஓடி வந்தவர்களுக்கு நாம் செய்ததென்ன?

ஜேடர்பாளையத்து அணையிலிருந்து ராஜவாய்க்கால் நீர் பாயும் அதே தாலூகாவில், பரமத்தியில், இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983ம் வருஷத்துக் கலவரத்துக்குப் பின் நமது கரைக்கு வரத் தொடங்கிய ஜனங்களுக்காகத் தமிழ்நாட்டில் ஏற்பட்ட பல முகாம்களில் அதுவும் ஒன்று. 2021ல் இம்முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர்தான். ஆயினும் சட்டம் பயின்ற நாம் ஒன்று கேட்கிறோம். 1951ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று நமக்குத் தனிச் சட்டமும் இல்லை. 2015 ஜனவரி 9ந் தேதிக்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, அந்நியர் சட்டத்தின் தண்டனைகளினின்றும் விலக்கி 2025ல் உத்தரவு பிறந்தது. தண்டிக்காமல் விடுவது தயை, அது உரிமையாகுமா? இம்மண்ணில் பிறந்து, இந்நீரைக் குடித்து, நம் பிள்ளைகளோடு ஒரே பலகையில் எழுதப் படித்த குழந்தையை எத்தனை காலம் விருந்தாளி என்று அழைப்பது?

பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்குக் கறுப்பு வழியைக் காட்டியவன் அந்நியன். அவனை நாம் வைதோம், வைதது நியாயமே. இன்று வழி நம் கையில் இருக்கிறது. ஓடி வந்தவரை அவருடைய தேசத்தையும் ஜாதியையும் மதத்தையும் கேட்டுத் தரம் பிரிக்காத அகதிச் சட்டம் ஒன்று இந்நாட்டுக்கு வேண்டும். அதைக் கேட்கும் முதற்குரல் காவேரிக் கரையிலிருந்தே எழட்டும். ஜேடர்பாளையத்து நண்பர்கள் அடுத்த முறை பத்திரிகையைப் பிரிக்கும்போது, ஊர் விழுந்ததா என்பதோடு நிறுத்தாமல், ஜனங்கள் எங்கே என்றும் கேட்பார்களாக. விடை சொல்லும் கடமையினின்று நாமும் இனித் தவறோம்.