வேஷமும் வோட்டும்

ராஜீய மேடைக்கும் நாடக மேடைக்கும் இடையேயுள்ள தூரம் அதிகமில்லை. நாடகத்தில் வேஷம் கட்டுவோர், டிக்கட்டு விற்கும்போதே அதைச் சொல்லிவிடுகின்றனர். ராஜீயத்தில் வேஷம் கட்டுவோர் கடைசிவரை ஒப்புக்கொள்வதில்லை. இவ்விரு மேடைகளையும் ஒன்றாகப் பிணைத்துக் காட்டிய விசித்திர முயற்சியொன்று 1988-ம் வருஷம் அமெரிக்காவில் நடைபெற்றது. 'டானர் 88' என்பது அதன் பெயர். உண்மைச் செய்திப்படம் போலவே எடுக்கப்பட்ட கற்பனைப் படம் அது. தேர்தலைப் பற்றிச் சிந்திப்போர் அதை வெறும் வேடிக்கையென்று தள்ளிவிடுவதற்கில்லை.

சினிமா டைரக்டர் ராபர்ட் ஆல்ட்மனும், 'டூன்ஸ்பரி' என்னும் கேலிச்சித்திரத் தொடருக்காக 1975-ல் புலிட்ஸர் பரிசு பெற்ற காரி ட்ரூடோவும் இதை ஆக்கியவர்கள். எச்.பி.ஓ. டெலிவிஷனில் அவ்வருஷம் பிப்ரவரி முதல் ஆகஸ்டு வரை 11 பகுதிகளாக வெளிவந்தது. கதாநாயகர் ஜாக் டானர், மிச்சிகன் ராஜ்யத்தின் முன்னாள் காங்கிரஸ் அங்கத்தினர். டெமாக்ரட்டிக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகராக வர விரும்புபவர். இப்படியொருவர் உலகில் பிறந்ததேயில்லை!

அவராக நடித்தவர் மைக்கேல் மர்பி. பல படங்களில் நடித்திருந்தும் நக்ஷத்திரப் பதவியை எட்டாத குணசித்திர நடிகர். 1975-ல் ஆல்ட்மன் எடுத்த 'நாஷ்வில்' படத்தில், முகமே காட்டாத ஒரு ஜனாதிபதி அபேட்சகரின் கூட்டத்துக்குப் பாடகர்களைத் திரட்டும் ஏஜெண்டாக வந்தவர் இவரே. 13 வருஷங்கள் கழித்து ஏஜெண்டு அபேட்சகரானார். பெரிய நக்ஷத்திரம் ஒருவரை இவ்வேஷத்தில் நிறுத்தியிருந்தால் ஜனங்கள் அவரை வேடிக்கை பார்க்கக் கூடியிருப்பார்கள். எங்கோ பார்த்த முகம், பெயர்தான் நினைவில்லை என்று தோன்றுவதே மர்பிக்கு அமைந்த யோக்கியதை. பெரும்பாலான அபேட்சகர்களுக்கும் அதுவே யோக்கியதை அல்லவா?

நியூ ஹாம்ப்ஷயரில் மெய்யான தேர்தல் நடந்த வேளையில், அந்தக் கூட்டத்தினிடையே டானரும் கைகுலுக்கிக்கொண்டு சென்றார். பாப் டோல், பாட் ராபர்ட்ஸன் போன்ற மெய்யான அபேட்சகர்கள் அவரோடு காமிராவுக்கு முன் தோன்றினர். போட்டியிலிருந்து அப்போதுதான் விலகிய அரிஸோனா முன்னாள் கவர்னர் புரூஸ் பாபிட், இந்த இல்லாத மனிதருக்கு நிதானமாகப் புத்திமதி கூறினார். தோற்ற பிறகு ராஜீயவாதியின் வாயிலிருந்து உண்மை எளிதாக வருகிறது போலும்!

படத்தின் சாரமான பரிகாசம் முதற்பகுதியிலேயே இருக்கிறது. டானர் மேடையில் நன்றாகப் பேசத் தெரியாதவர். ஓர் இரவு, ஹோட்டல் அறையில் தம் ஆட்களிடம் உள்ளம் திறந்து ஆவேசமாகப் பேசுகிறார். அதை அவருக்குத் தெரியாமல், கண்ணாடி மேஜையின் அடியிலிருந்து காமிராக்காரன் பிடித்துவிடுகிறான். பிரசார நிபுணர்கள் அதையே விளம்பரமாக்கி, 'நிஜமாகவே' என்ற கோஷத்தையும் சூட்டி விடுகிறார்கள். அவர் பேசியது பொய்யல்ல. ஆனால் விற்பனைக்கு வந்த மறுகணமே அதுவும் ஒரு சரக்காகிவிட்டது. பொய்யை மட்டும் விற்கும் காலம் போய், மெய்யையும் விற்கும் காலம் வந்துவிட்டதென்று ட்ரூடோ காட்டினார்.

எனினும் நையாண்டி எங்கே நிற்க வேண்டுமென்பதை இவர்கள் அறிந்திருந்தனர். டெட்ராயிட் நகரில், வன்முறைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மெய்யான ஜனங்கள் தங்கள் துயரத்தைச் சொல்லும்போது, அபேட்சகர் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவ்விடத்தில் சிரிப்பில்லை. விதூஷகன் அரசனைக் கேலி செய்யலாம். குடிகளின் கண்ணீரைக் கேலி செய்யலாகாது.

ஜூலையில் அட்லாண்டா மகாநாடு டுகாகிஸைத் தேர்ந்தெடுத்தது. நவம்பரில் அவர் புஷ்ஷிடம் தோற்றார். அந்நாளில் ஜனாதிபதி பீடத்திலிருந்த ரீகனோ முன்னாள் சினிமா நடிகர். டானர் தோற்றாலும் ஆல்ட்மனுக்கு 1989-ல் எம்மி பரிசு கிடைத்தது. 2004-ல் இக்கதை மீண்டும் தொடர்ந்தது. விநோதத்தின் உச்சம் அதற்கும் பின் வந்தது: டானரின் மகளாக நடித்த சிந்தியா நிக்ஸன், 2018-ல் நியூயார்க் கவர்னர் பதவிக்குக் கட்சி அபேட்சகராவதற்காக மெய்யாகவே போட்டியிட்டு, ஆண்ட்ரூ கோமோவிடம் தோற்றார்.

நடிகர்கள் ராஜீயத்தில் புகலாமா என்று கேட்பது வீண். எவரும் புகலாம்; அது பிரஜையின் உரிமை. வோட்டர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. உள்ளம் உருகப் பேசும் ஒருவரைக் கண்டதும் 'இவர் நிஜமானவர்' என்று மயங்காமல், இப்பேச்சை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவர் யார், எதற்காகச் சேர்த்தார், பேசியவர் முன்பு செய்தது என்ன என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்காத ஜனங்களுக்கு ஜனநாயகம் ஐந்து வருஷத்துக்கொரு தடவை நடக்கும் கூத்தாகவே முடியும். அக்கூத்துக்கு டிக்கட்டு விற்பதில்லை. ஆனால் செலவு முழுவதும் பார்ப்பவர் தலையில்தான்.